தலைக் கேமராவின் காது

முதல் பெயின்ட்பால் ஆட்டத்தில் வென்றவர் ஒரு முறைகூடச் சுடவில்லை. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹெனிக்கர் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டுக்குள் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ், பங்குச்சந்தைத் தரகர் ஹேய்ஸ் நோயல், இவர்களோடு பாப் கர்ன்ஸி ஆகிய மூவரின் ஏற்பாடு அது. நகரத்தில் சாமர்த்தியமாகப் பிழைப்பவன் காட்டில் தாக்குப்பிடிப்பானா என்று நோயலும் கெய்ன்ஸும் நெடுநாளாக வாதிட்டு வந்தார்கள். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஆட்டம். ஆளுக்கு ஒரு நெல்ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் எட்ட நின்றே வண்ணக் குறி போடுவதற்காக நெல்சன் பெயின்ட் நிறுவனம் விற்றுவந்த கைத்துப்பாக்கி அது. காட்டில் வைத்திருந்த கொடிகளை, மேலே சாயம் படாமல் சேர்த்துக்கொண்டு வெளியே வர வேண்டும். காட்டு வேலையே தொழிலாகக் கொண்ட ரிச்சி ஒயிட் என்பவர் மரத்துக்கு மரம் நகர்ந்து, யார் கண்ணிலும் படாமல், கொடிகளோடு வந்து நின்றார்.

அன்று அவர் தலையில் ஒரு கேமரா இருந்திருந்தால்? இலை, தழை, மரப்பட்டை, இடையிடையே மூச்சுச் சத்தம். இன்றைக்கு அதைப் பத்து நொடிக்கு மேல் பார்க்க ஆள் கிடைக்காது. ஆட்டத்தில் வெல்வது ஒன்று, படத்தில் எடுபடுவது வேறொன்று என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. அதைக் காட்டக் கருவிதான் அப்போது இல்லை.

இப்போது இருக்கிறது. பெயின்ட்பால் திடலுக்குப் போகிறவர்களில் பலர் தலையிலோ நெஞ்சிலோ மார்க்கரின் குழல் மேலோ ஆக்‌ஷன் கேமராவைப் பொருத்திக்கொள்கிறார்கள். (ஆடுபவர்கள் துப்பாக்கி என்பதில்லை, மார்க்கர்தான்.) வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம். நெஞ்சு படபடக்க ஓடி ஒளிந்து ஆடிய ஆட்டம் திரையில் சப்பென்று இருக்கிறது. எதிராளி எங்கோ ஒரு புள்ளி. உருண்டை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. படமோ குலுங்குகிறது. ‘நான் பார்த்தது இது இல்லையே’ என்று தோன்றும். தோன்றுவது சரிதான். குறை கேமராவின் விலையில் இல்லை; கண் வேலை செய்யும் விதமும் கேமரா வேலை செய்யும் விதமும் வேறு வேறு. என்னைக் கேட்டால், ஆட்டக்காரர் கண்டதைச் சொல்ல இந்தச் சின்னப் பெட்டி மோசமான சாட்சி. ஆனால் அளந்து சொல்வதில் கெட்டிக்காரன். அதிலும் அதன் கூர்மையான உறுப்பு லென்ஸ் அல்ல, மைக்.

முதலில் உருண்டையைப் பார்த்துவிடுவோம். வழக்கமான பெயின்ட்பால் உருண்டையின் விட்டம் 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டர் சொச்சம். எடை சுமார் 3 கிராம். மேலே ஜெலட்டின் தோல், உள்ளே பாலிஎத்திலீன் கிளைக்காலில் கலந்த நிறமி. மருந்துக் கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரைக்கும் இதற்கும் தொழில்நுட்பம் ஒன்றே: இரண்டு ஜெலட்டின் பட்டைகள் சுழலும் இரு அச்சு உருளைகளுக்கு நடுவே நுழையும்போது, உள்ளே திரவத்தைச் செலுத்தி, அதே நொடியில் விளிம்பை ஒட்டி மூடிவிடுவது. அமெரிக்கரான ராபர்ட் ஷெரர் 1930களில் மருந்துக்காக உருவாக்கிய முறை இது. தொடக்க கால உருண்டைகளில் இருந்தது மரத்துக்குப் பூசும் எண்ணெய்ச் சாயம். ஆடி முடித்து டர்பன்டைன் கொண்டு தேய்த்துக் குளிக்க வேண்டியிருந்தது. நீரில் கரையும் சாயம் பிறகுதான் வந்தது.

அழுத்தக் காற்றோ கரியமில வாயுவோ தள்ளிவிட, உருண்டை மார்க்கரிலிருந்து நொடிக்குச் சுமார் 85 மீட்டர் வேகத்தில் கிளம்பும். திடல்களில் பரவலாக உள்ள உச்ச வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர்; பல திடல்கள் இன்னும் கொஞ்சம் குறைத்து 280 அடி என்று வைத்திருக்கின்றன. கிளம்பும் வேகம் கடைசிவரை நிற்காது. 3 கிராம் எடைக்கு 17 மில்லிமீட்டர் பருமன் அதிகம். காற்று அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வழவழப்பான கோளத்துக்கு உரிய காற்றுத்தடை எண்ணைக் கொண்டு கணக்குப் போட்டால், 30 மீட்டர் போவதற்குள் வேகம் ஏறத்தாழப் பாதியாகி 44 மீட்டருக்கு வந்துவிடுகிறது. அந்த 30 மீட்டரைக் கடக்க அரை நொடி ஆகிறது. மனிதர் ஒன்றைக் கண்டு உடலை அசைக்கக் கால் நொடி போதும் என்பதால், எட்டத்திலிருந்து வரும் உருண்டைக்குத் தலையைக் குனிந்து தப்ப முடிகிறது. 10 மீட்டருக்குள் சுட்டால் 0.13 நொடி. அங்கே தப்பினால் அது குறி தவறியதுதான், உங்கள் திறமை இல்லை.

இனி இதே உருண்டையைக் கேமரா எப்படிப் பார்க்கிறது? நொடிக்கு 60 ஃபிரேம் என்று வைத்தால், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் உருண்டை 1.4 மீட்டர் போய்விடும். இதைச் சொன்னவுடன், ‘அப்படியானால் 240 ஃபிரேமில் எடுத்துவிடலாமே’ என்பார்கள். எடுக்கலாம். ஆனால் உருண்டையை மறைப்பது ஃபிரேம் எண்ணிக்கையைவிட ஷட்டர் திறந்திருக்கும் நேரம்தான். நல்ல வெயிலில் கேமரா தானாகவே 1/2000 நொடியை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உருண்டை 4 சென்டிமீட்டர் நகரும். தன் பருமனைப்போல் இரண்டரை மடங்கு நீளமான ஒரு கோடாக விழும்; தெரியும். மர நிழலுக்குள் போனால் ஷட்டர் 1/100 நொடிக்கு வந்துவிடும். இப்போது கோட்டின் நீளம் 85 சென்டிமீட்டர். உருண்டையின் நிறம் அதன் பருமனைப்போல் ஐம்பது மடங்கு நீளத்துக்குப் பரவி, பின்னாலுள்ள பச்சையோடு கரைந்துபோகிறது. குறுக்கே பறக்கும் உருண்டை காட்டில் படமாகாததற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்களே சுட்ட உருண்டை தெரியும். அது உங்களை விட்டு நேராக விலகிப் போகிறது. படத்தில் அது இருக்கும் இடம் அதிகம் மாறுவதில்லை, அளவுதான் சுருங்குகிறது. அதனால் கோடாக இழுபடாமல் புள்ளியாகவே நிற்கும். எதிராளி உங்கள் முகத்தை நோக்கிச் சுட்டதும் இப்படியே. கொள்கை அளவில் அதையும் பார்க்கலாம். சிக்கல் அளவில்தான். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் குவியத்தூரம் சுமார் 3 மில்லிமீட்டர். 10 மீட்டர் தொலைவில் உள்ள 17 மில்லிமீட்டர் உருண்டை, சென்சாரின் மேல் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்காக விழுகிறது. 4கே படத்தில் அது மூன்று பிக்சல் அகலம். 30 மீட்டரில் ஒரே பிக்சல். எதிராளி சுட்டது பாதி வழிவரை பிக்சலோடு பிக்சலாக ஒளிந்து வந்து, கடைசி ஐந்தாறு ஃபிரேம்களில் சட்டென்று பெரிதாகி, அடுத்து திரை முழுக்க ஆரஞ்சு நிறமாகிறது. அந்தக் கடைசிச் சில ஃபிரேம்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்ப்பது, ஒத்துக்கொள்கிறேன், இந்தப் பொழுதுபோக்கின் அலாதியான இன்பம்.

அந்தச் சென்சார் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய எல்லாச் சிறு கேமராக்களிலும் இருப்பது சிமாஸ் சென்சார். விண்கலங்களுக்குச் சிறிய, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் கேமரா வேண்டும் என்று நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் 1990களில் எரிக் ஃபாஸம் குழுவினர் இதை வளர்த்தெடுத்தார்கள். பொறியியலுக்கான எலிசபெத் ராணி பரிசு 2017இல் அவரோடு இன்னும் மூவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. சென்சார் அப்படிச் சுருங்கியதால்தான் ஒரு முழு வீடியோ கேமரா 150 கிராம் அளவில் அடங்குகிறது. 1980களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் மார்க் ஷுல்ஸ் என்பவர் மலைச் சைக்கிள் படம் எடுக்க, ஹெல்மெட்டில் கேமராவைக் கட்டி, வயரை முதுகுப் பையில் இருந்த வி.எச்.எஸ். ரெக்கார்டரில் செருகிக்கொண்டு மலையேறினார். அலைச்சறுக்கில் தன்னைத்தானே படம் எடுக்க ஆசைப்பட்டு நிக் வுட்மன் 2002இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனம்கூட, 2004இல் விற்ற முதல் கேமராவில் 35 மில்லிமீட்டர் ஃபிலிம்தான் வைத்திருந்தது. மணிக்கட்டில் கட்டும் அதில் வீடியோ கிடையாது.

சிமாஸ் சென்சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. படம் முழுவதையும் ஒரே கணத்தில் படிக்காது. மேல் வரியில் தொடங்கிக் கீழ் வரிவரை வரிசையாகப் படிக்கும். அதற்குச் சில மில்லி நொடிகள் பிடிக்கும். அதற்குள் கேமரா அசைந்தால் மேல் வரி ஓர் இடத்தையும் கீழ் வரி வேறோர் இடத்தையும் பதிவு செய்யும். நேரான மரம் சாய்ந்து நெளியும். மார்க்கரின் குழல் மேல் கேமராவைப் பொருத்தியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் உள்ளே உள்ள இயந்திரம் முன்னும் பின்னும் அடிக்க, படம் முழுக்க அலையடிக்கும்.

குலுக்கலுக்கு வருகிறேன், இந்த விஷயத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து அசையாமல் நிற்கும், படிக்கவும் முடியும். இப்போது தலையை அசைக்காமல், பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். இரண்டிலும் கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையிலான அசைவு ஒன்றுதான். ஆனால் தலை அசையும்போது உட்காது அதை அறிந்து கண்ணுக்குச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் குழல் திரும்பும், திரவம் சற்றுப் பிந்தும். அந்தப் பிந்தல் மெல்லிய மயிர்ச் செல்களை வளைக்கும். அங்கிருந்து கிளம்பும் சைகை இரண்டே மூன்று நரம்புச் சந்திகளைத் தாண்டிக் கண் தசையை எட்டி, தலை போன திசைக்கு எதிர்த் திசையில் அதே அளவு கண்ணைத் திருப்பிவிடும். இதெல்லாம் ஏறத்தாழ 10 மில்லி நொடியில். கண் தானே பார்த்து, மூளை புரிந்துகொண்டு திருத்துவதென்றால் இதைப்போல் பத்து மடங்கு நேரமாகும்.

இது இல்லாவிட்டால் உலகம் எப்படி இருக்கும் என்று ஒரு மருத்துவரே எழுதி வைத்திருக்கிறார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால் உட்காதின் சமநிலைப் பகுதி பழுதாகிப்போன அவர், 1952இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் தன் அனுபவத்தைக் கட்டுரையாக்கினார். நடக்கும்போது தெருவே குதிக்கும். எதிரே வருபவர் முகத்தை அடையாளம் காண நின்றாக வேண்டும். படுக்கையில் படிக்கும்போது இதயத் துடிப்பு தலையை நூலளவு அசைக்கும். அதற்கே வரிகள் துள்ளும். கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டுதான் அவர் படித்தார்.

அந்த மருத்துவர் நடந்தபோது கண்டதைத்தான் பழைய தலைக் கேமரா காட்டிற்று. நாம் ஓடும்போது தலை எப்போதும் அந்த அளவுக்குத் துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. உட்காது அதை நமக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. கேமராவுக்கு உட்காது இல்லை. இல்லை என்பதை உணர்ந்து பொருத்தினார்கள்: சிலிக்கானில் செதுக்கிய மிகச் சிறிய ஜைரோஸ்கோப். அதற்குள் இடைவிடாமல் அதிரும் ஒரு நுண்ணிய எடை. கேமரா திரும்பினால் கோரியோலிஸ் விசை அந்த எடையைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலை மின்னழுத்தமாக அளந்து எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று கணிக்கும். பிறகு ஃபிரேமின் ஓரத்தில் ஒரு பகுதியைக் கைவிட்டு, மீதியை எதிர்த் திசையில் நகர்த்திப் படத்தை நிற்க வைக்கும். 2018இல் வந்த கோப்ரோவின் ஹீரோ7 பிளாக் கேமராவுக்குப் பிறகு இந்தத் திருத்தம் வியக்கும்படி ஆயிற்று.

கண்ணைப்போலவே இதுவும் என்று நினைத்துவிடாதீர்கள். கண், படம் விழுவதற்கு முன்பே தன்னைத் திருப்பிக்கொள்கிறது. கேமரா, படம் விழுந்த பிறகு அதை நகர்த்துகிறது. ஷட்டர் திறந்திருந்த அந்த 1/100 நொடிக்குள் குலுங்கியதால் வந்த மங்கலை எந்த ஜைரோவும் எடுக்க முடியாது. அதனால்தான் நிழலான காட்டில் எடுத்த வீடியோ விநோதமாக இருக்கும்: சட்டம் ஆடாமல் நிற்கிறது, ஆனால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் படம் ஒரு கணம் மங்கி மீண்டும் தெளிகிறது. ஷட்டரை 1/500 என்று நாமே நிறுத்திவைத்தால் மங்கல் போகும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். எனக்கு இரைச்சல் பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது. மங்கலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

லென்ஸைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லலாம். 3 மில்லிமீட்டர் குவியத்தூரத்துக்கு ஒரு வசதி உண்டு: சுமார் 40 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம்வரை எல்லாமே ஒரே நேரத்தில் தெளிவாக இருக்கும். குவியத்தைத் தேடித் தடுமாறும் மோட்டாரே தேவையில்லை. ஓடி உருளும் ஆட்டத்துக்கு அது பெரிய வரம். விலை என்னவென்றால், 20 மீட்டர் தொலைவில் நிற்கும் ஆறடி ஆள் ஃபிரேமின் உயரத்தில் சுமார் பதினாறில் ஒரு பங்குதான். நேரில் அந்த ஆள் உங்கள் கவனம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் ஓரமாக ஒரு குச்சி. தொலைவு இரண்டு மூன்று மடங்காகத் தெரிவதால் வேகமும் அபாயமும் சேர்ந்து குறைகின்றன. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் சிலர் குழலுக்குப் பக்கத்தில், குறுகிய கோணமும் நீண்ட குவியத்தூரமும் கொண்ட ஸ்கோப் கேமராவை மாட்டுகிறார்கள். அதில் எதிராளியின் முகமூடியில் சாயம் சிதறுவது அழகாகத் தெரியும். சுற்றி என்ன நடந்தது என்பது சுத்தமாகத் தெரியாது.

அடுத்து, தலை பார்க்கும் இடமும் கண் பார்க்கும் இடமும் ஒன்றல்ல. சிறு திருப்பங்களுக்குக் கண் மட்டுமே நகரும், தலை அசையாது. பெரிய திருப்பத்திலும் கண் முந்திக்கொள்ளும், தலை பின்னால் வரும். பங்கரின் (ஆட்டக்காரர் ஒளிந்துகொள்ளும் தடுப்பு அது) ஓரத்தில் ஒரு கண்ணை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்துத் தலையை இழுத்துக்கொள்கிற அந்த அரை நொடியில் ஆட்டக்காரர் மூன்று பேரை எண்ணிவிடுவார்; தலையின் மறுபக்கம் மாட்டிய கேமரா பங்கரின் துணியைத்தான் பதிவு செய்திருக்கும். உச்சந்தலையில் மாட்டினால் வேறு தொல்லை: பங்கருக்கு மேலே முதலில் எழுவது கேமராதான். அணிந்திருக்கும் எந்தப் பொருளில் சாயம் பட்டாலும் ஆட்டமிழப்பு என்பது பொது விதி என்பதால், நல்ல படம் எடுக்கப் போய் ஆட்டத்தை இழந்தவர்கள் ஏராளம்.

காட்டில் ஆடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை, இலைகள். 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், சுருக்காமல் வைத்தால் ஒரு நொடிக்கே 700 மெகாபைட்டுக்கு மேல். கேமரா அதை அறுபதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. முந்தைய ஃபிரேமில் இருந்த துண்டு இந்த ஃபிரேமில் எங்கே போயிற்று என்று தேடி, நகர்ச்சியை மட்டும் எழுதிவைப்பதுதான் சுருக்கும் தந்திரம். ஓடும் காரை அப்படி எழுதலாம். காற்றில் ஆயிரம் இலை ஆயிரம் திசையில் சிலிர்த்தால் எதை எழுதுவது? கணக்கில் இடம் போதாமல் பச்சை மொத்தமும் களிம்பாகிவிடும். காற்றடைத்த பங்கர்களை நட்டுத் திறந்த புல்வெளியில் ஆடும் ஸ்பீட்பால் ஆட்டம், அதே கேமராவில் பளிச்சென்று இருப்பதற்கு இதுவும் காரணம்.

இப்போது மைக். வீடியோ நொடிக்கு 60 முறை உலகைப் பார்க்கிறது என்றால், ஒலி நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கிறது. அதாவது நேரத்தைப் பொறுத்தவரை கேமராவின் காது கண்ணைவிட 800 மடங்கு நுட்பமானது. அதற்கு வெளிச்சம் வேண்டாம், திசை வேண்டாம், இலை மறைத்தாலும் கேட்கும். இதை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். உருண்டையின் வேகத்தைப்போல் நான்கு மடங்கு. ஆகவே எதிராளியின் மார்க்கர் ‘டப்’ என்ற சத்தம் முதலில் உங்களை எட்டும், உருண்டை பிறகு வரும். 15 மீட்டரிலிருந்து சுட்டிருந்தால் சத்தத்துக்கும் அடிக்கும் இடைவெளி 0.17 நொடி. 30 மீட்டர் என்றால் 0.41 நொடி. 40 மீட்டர் என்றால் 0.64. எடிட்டிங் மென்பொருளில் ஒலி அலையின் கூர்முனைகளை அளந்தால், உங்களை வீழ்த்தியவர் எவ்வளவு தூரத்தில் ஒளிந்திருந்தார் என்று ஓரிரு மீட்டர் பிசகில் சொல்லிவிடலாம். படத்தில் அவர் ஒரு பிக்சலாகக்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சத்தம் எந்த உருண்டைக்கு என்று பிரிப்பது கடினம், உண்மைதான். ஆட்டத்தின் கடைசியில் இருவர் மூவர் மட்டும் மிஞ்சி நிற்கும்போது இந்த அளவை அற்புதமாக வேலை செய்யும்.

மார்க்கரின் வேகத்தையும் இப்படிப் பிடிக்கலாம். 10 மீட்டர் தொலைவில் ஒரு பலகையை நிறுத்தி, கேமராவை மார்க்கர் பக்கத்தில் வைத்துச் சுடுங்கள். வெடிப்புக்கும், பலகையில் பட்ட சத்தம் திரும்பி வருவதற்கும் இடையில் 0.16 நொடி ஆனால் வேகம் 85 மீட்டரை ஒட்டியிருக்கிறது. 0.14 என்று வந்தால் அது 100 மீட்டரை எட்டிவிட்டது, வரம்பு மீறிய ஆபத்தான வேகம். இரண்டுக்கும் வித்தியாசம் 20 மில்லி நொடி. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமே 33 மில்லி நொடி என்பதால் படத்துக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. ஒலிக்கு அது கிட்டத்தட்ட ஆயிரம் மாதிரிகளின் அகலம். திடலில் வைத்திருக்கும் வேகமானிக்கு இது மாற்று அல்ல. ஆனால் நுழைவாயிலில் ஒழுங்காகச் சோதனைக்குக் காட்டிவிட்டு உள்ளே போய்த் திருகை முடுக்குகிறவர்கள் உண்டு; நொடிக்குப் பத்து உருண்டை என்பது போன்ற வரம்புகளை மின்னணு மார்க்கரில் மாற்றி வைப்பவர்களும் உண்டு. ஒலி அலையில் கூர்முனைகளை எண்ணினால் அந்தக் குட்டு ஒரு நிமிடத்தில் வெளிப்படும்.

ஏமாற்று பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஓர் எச்சரிக்கை. மேலே பட்ட சாயத்தைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடுவதுதான் பெயின்ட்பாலில் மிகப் பெரிய அவமானம். தலைக் கேமரா வந்த பிறகு, ‘இதோ பார், அவன் துடைக்கிறான்’ என்று மெதுவாக ஓட்டிக் காட்டும் வழக்கமும் வந்துவிட்டது. மெதுவாக ஓட்டுவதில்தான் விஷமம். 2016இல் யூஜின் கரூஸோவும் உடன் ஆய்வாளர்களும், ஒரே காட்சியை இயல்பான வேகத்திலும் மெதுவாகவும் காட்டிச் சோதித்தார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், காட்சியில் இருப்பவர் அதை வேண்டுமென்றே செய்தார் என்று கூடுதலாகத் தீர்மானித்தார்கள். அவருக்கு யோசிக்க நேரம் இருந்ததுபோல் ஒரு மயக்கம். திரையில் எவ்வளவு மெதுவாக்கப்பட்டது என்று எழுதிக் காட்டியும் மயக்கம் முழுதாகப் போகவில்லை. 2019இல் பிராடெரிக் டர்னர் குழுவினர் கண்டது இன்னும் சுவையானது: ஒருவர் உடலில் மாட்டிய கேமராவின் படத்தைப் பார்ப்பவர்கள், அதே நிகழ்வை வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பார்ப்பவர்களைவிட, கேமரா அணிந்தவரின் செயலில் குறைவான உள்நோக்கத்தையே காண்கிறார்கள். காரணம் எளிது: உடல் கேமராவின் படத்தில் அணிந்தவர் தெரிவதே இல்லை. ஆக, உங்கள் தலைக் கேமரா எதிராளியைக் குற்றவாளியாக்கும், உங்களை நல்லவராக்கும். சண்டையைத் தீர்க்க வேண்டுமென்றால் இயல்பான வேகத்தில் போடுங்கள். முடிந்தால் எதிராளியின் கேமராவிலும் பாருங்கள்.

கடைசியாக, அடி. 85 மீட்டர் வேகத்தில் வரும் 3 கிராம் உருண்டையின் ஆற்றல் ஏறத்தாழ 11 ஜூல். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழும் கிரிக்கெட் பந்துக்கு இருப்பதும் அவ்வளவே. கேமராவின் முன்கண்ணாடி கிட்டத்து அடியில் விரிசல் விடலாம். அதனால் அதற்கு மேல் பாலிகார்பனேட் தகட்டை மாட்டுகிறார்கள். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்த பிளாஸ்டிக் அது. கண்ணாடி உடையும் இடத்தில் பாலிகார்பனேட் வளைந்து கொடுத்து ஆற்றலை விழுங்கும். முகமூடியின் லென்ஸும் அதே பொருள்தான். பெயின்ட்பாலுக்கான முகமூடிகள் ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்ற தரத்தின்படி சோதிக்கப்படுகின்றன. அந்த லென்ஸுக்கு ஒரு பலவீனம், சில பசைகளும் கரைப்பான்களும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களைக் கிளப்பிவிடும். கேமராவை ஒட்டுவதற்காக முகமூடியின் லென்ஸில் பசை தடவுவதோ, சட்டத்தில் துளை போடுவதோ, சோதித்துத் தந்த பாதுகாப்பை நாமே ரத்து செய்வதாகும். தனித் தலைப்பட்டையிலோ மார்க்கரிலோ மாட்டுங்கள்.

கிரிக்கெட் பந்தின் விட்டம் 7 சென்டிமீட்டர். முகத்தில் பட்டால் கண்குழியின் எலும்பு விளிம்பு அதைப் பெருமளவு தடுத்து நிறுத்திவிடும். பெயின்ட்பால் உருண்டை 17 மில்லிமீட்டர். விழியே 24 மில்லிமீட்டர். எலும்பு விளிம்புக்குள் தாராளமாக நுழைந்து, மொத்த ஆற்றலையும் விழியின் மேல் இறக்கும். இந்த விளையாட்டில் பார்வை போனவர்களில் மிகப் பெரும்பாலோர் முகமூடி அணியாதவர்கள் அல்லது களத்தில் நின்றபடி ஒரு கணம் கழற்றியவர்கள். கழற்ற வைக்கும் காரணங்களில் கேமராவும் இப்போது சேர்ந்துவிட்டது: கோணம் சாய்ந்துவிட்டது, லென்ஸில் சாயம் அப்பிவிட்டது, சிவப்பு விளக்கு எரிகிறதா தெரியவில்லை. படம் போனால் போகட்டும். திடலைச் சுற்றிக் கட்டிய வலைக்கு வெளியே வந்து, சுற்றியுள்ள எல்லா மார்க்கர்களின் குழலுக்கும் உறை மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முகமூடியில் கை வையுங்கள்.